அக்கா அமுக்காத பட்டன்

செங்கல்பட்டுல கோர்ட்டுக்குப் போற ரோட்டுல, ரெண்டு ஜெராக்ஸ் கடைக்கு நடுவுல என் கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ். பதினாறு வருஷமா இதே பொழப்பு. எந்த மெஷின் வந்தாலும் என் கை மொதல்ல போறது ஒரே வைத்தியத்துக்குத்தான்: ஃபார்மட். ஸ்லோவா கீதா, ஃபார்மட் அடி. தொங்குதா, ஃபார்மட் அடி. வைரஸா, கேக்கவே வேணாம். கஸ்டமருங்களும் காரணம் கேக்க மாட்டாங்க. "அண்ணாத்த, சுத்தமா ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடு"ன்னு மெஷினை மேஜை மேல வெச்சிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. இன்னா கோளாறு, எப்படி வந்துச்சுன்னு தேடிகினு உக்காந்தா ஒரு நாள் பூரா போயிடும். ஃபார்மட்டுக்கு ரெண்டு மணி நேரம். நான் பெரிய கெட்டிக்காரன்னு நெனைச்சுகினு இருந்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டு போய் எங்க அக்கா வூட்டுலயே காட்டினேன். எழுதும்போதே என் மேல எனக்கு ஆத்திரமா வருது.

அக்கா தமிழ் டீச்சர். கல்பாக்கத்துக்குப் பக்கத்துல புதுப்பட்டினத்துல வூடு. கடலோர ரோட்டுல இருக்கிற ஒரு தனியார் ஸ்கூல்ல பத்தொம்பது வருஷம் பாடம் எடுத்துச்சு. அங்க பத்தாங்கிளாஸ் தமிழ்னா அக்காதான். மாமா ஸ்டாஃப் பஸ் ஓட்டுறாரு. எங்க அப்பா அம்மா அடுத்தவங்க கழனியில நாத்து நட்டு, களை புடுங்கி எங்களைப் படிக்க வெச்சவங்க. எங்க தெருவுல இருந்து சாக்பீஸ் புடிச்ச மொத கை அக்காவோடது. எந்தக் கழனியில எங்க அம்மா நாளெல்லாம் குனிஞ்சு நின்னாங்களோ, அந்தக் கழனிக்காரங்க வூட்டுப் புள்ளைங்களே பஸ் ஸ்டாப்புல அக்காவைப் பார்த்தா எழுந்து நின்னு "வணக்கம் டீச்சர்"னு சொல்லும். சொத்துன்னு எங்களுக்கு வேற ஒண்ணும் கெடையாது. அந்தப் பேருதான்.

அக்கா வூட்டுல கேள்வித்தாள் அடிக்க ஒரு பழைய கம்ப்யூட்டர். நான்தான் பார்ட்டு பார்ட்டா சேர்த்துப் போட்டுக் குடுத்தேன். ஸ்கூலுக்கு அச்சடிச்சுக் குடுக்கிற பிரஸ்காரரு பழைய தமிழ் ஃபான்ட்டுல அடிச்சாதான் வாங்குவாரு, மத்ததெல்லாம் அவரு மெஷின்ல கட்டம் கட்டமா வரும். அந்த ஃபான்ட்டுக்குன்னு ஒரு டைப்பிங் சாஃப்ட்வேர் இருக்கு. அதை முறைப்படி வாங்கின ஒருத்தரை நான் எங்க பக்கத்துல பார்த்ததே இல்ல. பூட்டை உடைச்ச காப்பி ஒண்ணு பென் டிரைவ் பென் டிரைவா சுத்திகினு இருக்கும். கிராக்குன்னு சொல்லுவோம். அது கூடவே ஒரு குறிப்பு வரும்: ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடவும். ஏன்னு எவனும் கேக்கறதில்ல. ஆஃப் பண்ணலன்னா ஆன்டிவைரஸ் கத்தும். "கிராக்குனா அது கத்தத்தான் செய்யும், நீ கண்டுக்காத." எங்க தொழில்ல எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிற பாடம் இது. போட்டு முடிச்சதும், இந்த ஃபோல்டர் பக்கம் இனிமே திரும்பிக்கூடப் பாக்காதன்னு ஆன்டிவைரஸுக்கு ஒரு உத்தரவும் போட்டுடுவோம். திருடனை வூட்டுக்குள்ள உக்கார வெச்சிட்டு வாட்ச்மேனை அந்த ரூம் பக்கம் போகாதன்னு சொல்ற வேலை. அதைத்தான் பதினாறு வருஷமா பெருமையா செஞ்சுகினு இருந்தேன்.

அந்த வருஷம் ஆடி மாசம், தமிழ் டைப் அடிச்சுக் குடுக்கிற ஒரு டி.டி.பி.காரரு, "புது வெர்ஷன் மச்சான், சும்மா பிச்சுகினு ஓடுது"ன்னு ஒண்ணு குடுத்தாரு. என் பென் டிரைவுல ஏத்திகினேன். கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை புதுப்பட்டினம் போய், அக்கா ஆக்கிப் போட்ட மீன் கொழம்பைத் துன்னுட்டு, அது மெஷினுக்கும் போட்டுட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் அக்கா ரெண்டு வாட்டி ஃபோன் பண்ணுச்சு. "டேய், மவுஸ் அதுவா நகருதுடா"ன்னு ஒரு வாட்டி. "நான் ஒண்ணுமே பண்ணல, சும்மாவே கொர்ருன்னு ஓடிகினு கீது"ன்னு இன்னொரு வாட்டி. நான் கடையில நாலு மெஷினைப் பிரிச்சுப் போட்டுகினு உக்காந்திருந்தேன். "தூசி அடைச்சிருக்கும்க்கா, வர்றப்போ பாக்குறேன்"னு சொல்லி வெச்சிட்டேன்.

அரையாண்டுப் பரீட்சை திங்கக்கிழமை. மொத பரீட்சையே தமிழ். அதுக்கு முந்தின சனிக்கிழமை காலையில பத்து மணி இருக்கும், அக்காகிட்ட இருந்து ஃபோன். குரலே அடையாளம் தெரியல.

"தம்பி, கேள்வித்தாளு எல்லாருக்கும் போயிருக்குடா. என் நம்பர்ல இருந்து போயிருக்கு. நான் அனுப்பலடா. சத்தியமா நான் அனுப்பல."

கடையைப் பக்கத்து ஜெராக்ஸ்காரர்கிட்ட ஒப்படைச்சிட்டு வண்டியை எடுத்தேன். திருக்கழுக்குன்றம் வழியா எப்படிப் போனேன்னே தெரியல. அக்கா வூட்டு வாசல்ல நிக்குறப்பவே உள்ள ஃபோன் அடிச்சுகினு இருந்துச்சு. அக்கா அதை எடுக்காம, கையைப் பெசைஞ்சுகினு, கம்ப்யூட்டர் எதிர்ல நின்னுகினு இருந்துச்சு.

ஃபோன்ல இருக்கிற குரூப்புங்களை அக்கா கம்ப்யூட்டர்லயும் திறந்து வெச்சிருக்கும், டைப் பண்ண வசதின்னு. அது வழியாத்தான் போயிருக்கு. பெத்தவங்க குரூப், டியூஷன் புள்ளைங்க குரூப், சர்ச் குரூப், பால்காரரு, எனக்குக்கூட ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே ஃபைல், சுருட்டிக் கட்டின மூட்டை மாதிரி. திறந்தா உள்ள பத்தாம் வகுப்புத் தமிழ் அரையாண்டுக் கேள்வித்தாள், அது கூடவே வேற ஏதோ ஒண்ணு. பாக்குறவங்களுக்கு அந்த வேற ஒண்ணு இன்னா தெரியும்? டீச்சர் பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி கேள்வித்தாளை அனுப்பிட்டாங்க. அவ்ளோதான் தெரியும்.

நான் உக்காந்து பார்த்தேன். இன்னின்ன புரோகிராம் இப்ப ஓடிகினு கீதுன்னு காட்டுற பக்கத்தைத் திறந்தேன். அதுல ஒண்ணு, சிஸ்டத்தோட சொந்த ஃபைல் மாதிரியே நல்ல பேரு வெச்சுகினு உக்காந்திருந்துச்சு. எங்க இருந்து ஓடுதுன்னு பார்த்தா, சிஸ்டம் ஃபைல் இருக்கவேண்டிய எடமே இல்ல அது. நெட் வழியா வெளியில எங்கேயோ ஒருத்தன் கூட ஓயாம பேசிகினு வேற இருந்துச்சு. நிறுத்தினேன். பத்து எண்றதுக்குள்ள திரும்ப வந்துடுச்சு. செத்தா எழுப்புறதுக்குன்னே இன்னொண்ணை உள்ள ஒளிச்சு வெச்சிருந்தான்.

பேக்டோர்னு சொல்லுவாங்க. வாசக்கதவைப் பூட்டிட்டு நாம பாட்டுக்கு இருப்போம், பின்பக்கக் கதவு வழியா ஒருத்தன் வந்து நம்ம நாற்காலியில உக்காந்துகினு நம்ம பேருல காரியம் பண்ணுவான். இந்த வகையறா, மெஷின்ல கடைசியா எந்த ஃபைலைத் திறந்தாங்களோ அதையே எடுத்து, தன்னையும் அதோட சேர்த்துக் கட்டி, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்பும். தெரிஞ்ச பேருல வந்தா நாலு பேரு திறப்பாங்க இல்ல, அதுக்கு. கேள்வித்தாள்னு அதுக்குத் தெரியாது. அக்கா கடைசியா அடிச்சது அதுதான், அவ்ளோதான்.

"அப்போ நான் அனுப்பல இல்ல?"ன்னு அக்கா கேட்டுச்சு.

"நீ அனுப்பல. இதான் அனுப்பியிருக்கு. இங்க பாரு."

அக்கா முகத்துல உயிர் வந்துச்சு. "அப்போ எச்.எம்.மை வரச் சொல்லட்டாடா? அவரு கண்ணால பாக்கட்டும். ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சார் கீறாரு, அவரையும் கூட்டினு வரச் சொல்றேன்."

அந்த ஒரு பேச்சைக் கேட்டிருந்தா போதும். நெட் ஒயரைப் புடுங்கிட்டு, எதையும் தொடாம அவங்க வர்ற வரைக்கும் கையைக் கட்டிகினு உக்காந்திருக்கணும். ஆனா நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "அவரு வந்து இன்னாத்தப் பாப்பாரு? இது உள்ள இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்துக்கா. ஃபார்மட் அடிச்சா பூண்டோட போயிடும். நீ கொஞ்சம் சும்மா இரு, எனக்குத் தெரியாதா?" அது மட்டுமா, "அனுப்பினதையெல்லாம் எல்லாருக்குமா சேர்த்து டெலீட் குடு"ன்னும் சொன்னேன். அக்கா ஒவ்வொரு குரூப்பா டெலீட் குடுத்துச்சு. நான் இந்தப் பக்கம் டிஸ்க்கை வழிச்சேன். அனுப்பினது அழிஞ்சப்புறம் அக்கா பக்கம் சாட்சி சொல்ல மிச்சம் இருந்தது அந்த டிஸ்க் ஒண்ணுதான்.

புது சிஸ்டம் ஏறி முடிஞ்சப்போ மதியம் ஆயிடுச்சு. அக்கா பின்னாடி எச்.எம்.கிட்ட ஃபோன்ல பேசிகினு இருந்துச்சு. டைப்பிங் சாஃப்ட்வேரைத் திரும்பப் போடலாம்னு என் பென் டிரைவைச் சொருகினேன். ஆன்டிவைரஸை இன்னும் ஆஃப் பண்ணல. சொருகின உடனே கத்துச்சு. பழக்க தோஷம், என் கை ஆஃப் பண்ணத்தான் போச்சு. அப்பதான் அது காட்டின பேரு கண்ணுல பட்டுச்சு. காலையில செத்துச் செத்து எழுந்த அதே பேரு.

ஆடி மாசத்துல நான்தான் இதைக் கொண்டாந்து இந்த வூட்டுல வெச்சிருக்கேன். மீன் கொழம்பு துன்ன கையோட.

அக்கா உள்ள வந்து, "இன்னாடா, ஏதாச்சும் சத்தம் வந்துச்சே?"ன்னு கேட்டுச்சு. "ஒண்ணுமில்லக்கா. சாஃப்ட்வேர் அப்புறமா போட்டுக் குடுக்குறேன்"னு சொல்லி, பென் டிரைவைப் புடுங்கி சட்டைப் பாக்கெட்டுல போட்டுகினேன்.

செவ்வாக்கிழமை மதியம் ஸ்கூல்ல விசாரணை. அதுக்குள்ள வேற கேள்வித்தாள் தயார் பண்ணி, தமிழ்ப் பரீட்சையைத் தள்ளி வெச்சிட்டாங்க. தாளாளர், எச்.எம்., பெத்தவங்க சார்புல ரெண்டு பேரு. அக்கா என்னைக் கூட்டினு போச்சு. "என் தம்பி கம்ப்யூட்டர் மெக்கானிக் சார். அவனே கண்ணால பார்த்தான். அவன் சொல்லுவான்"னு சொல்லிட்டு என்னைப் பார்த்துச்சு. சின்னப் புள்ளையில இருந்தே கண்ணை மூடிகினு என்னை நம்பும் எங்க அக்கா. அப்பவும் அதே பார்வை.

வைரஸ்தான் சார் அனுப்பியிருக்குன்னு சொன்னேன். பெத்தவங்கள்ல ஒருத்தரு கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை பாக்குறவரு. "அப்போ அந்த மெஷினைக் காட்டுங்களேன்"னாரு. ஃபார்மட் பண்ணிட்டேன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. "அனுப்பின மெசேஜையும் அழிச்சாச்சு, மெஷினையும் அழிச்சாச்சு. ரொம்ப வேகம்தான்."

தாளாளர் மட்டும் கொஞ்சம் பொறுமையா கேட்டாரு. "சரிப்பா, அந்த வைரஸ் டீச்சர் கம்ப்யூட்டருக்குள்ள எப்படி வந்துச்சு?"

பென் டிரைவ் என் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. எடுத்து மேஜை மேல வெச்சு, 'இதோ சார், இதுல கீது, உங்க மெஷின்ல ஆன்டிவைரஸை ஆன் பண்ணிட்டுச் சொருகிப் பாருங்க'ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. கடை, கோர்ட்டு வாசல்ல இருக்கிற வக்கீல் ஆபீஸுங்கன்னு இந்தப் பென் டிரைவு போகாத எடமே இல்ல. விஷயம் வெளிய போச்சுன்னா வக்கீலுங்க தோலை உரிச்சுடுவாங்க. கடையை இழுத்து மூடவேண்டியதுதான். ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க. இதெல்லாம் ஒரு நொடியில ஓடுச்சு.

"தெரியல சார்"னேன். அத்தோட வாயை மூடியிருக்கலாம். பாவி, மூடலையே. "அக்கா தெரியாம ஏதாச்சும் லிங்க்கை அமுக்கியிருக்கும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. கோவம் இல்ல. யோசனை. அப்படி எப்பவாச்சும் அமுக்கினோமான்னு யோசிக்க ஆரம்பிச்சுடுச்சு.

பொங்கலுக்கு முன்னாடி அக்கா கடிதம் எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துச்சு. ராஜினாமான்னு பேரு. எழுதச் சொல்லி எழுதினது.

அதுக்கப்புறம் நான் செங்கல்பட்டுல கடை கடையா ஏறினேன். 'அப்டேட் பண்ணித் தரேன்'னு பொய் சொல்லி ஒவ்வொரு மெஷினா பார்த்தேன். மொதல்ல நெட்டைக் கழட்டுறது. ஆன்டிவைரஸுக்கு நாங்க போட்ட அந்த 'பாக்காத' உத்தரவை எடுக்கிறது. அது தானா எழுந்துக்கிற வழியைத் தேடி அடைக்கிறது, அப்புறம்தான் அதைக் கொல்றது. வேற டிஸ்க்குல இருந்து மெஷினை எழுப்பி, மிச்சம் மீதி கீதான்னு முழுசா சலிக்கிறது. பாஸ்வேர்டையெல்லாம் வேற சுத்தமான மெஷின்ல இருந்து மாத்தச் சொல்றது. ஒண்ணுலகூட அவசரப்பட்டு ஃபார்மட் அடிக்கல. எல்லா மெஷினும் சுத்தமாச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. என் கடைக்கு நல்ல பேரு. அண்ணாத்த வந்து ஃப்ரீயா செஞ்சு குடுத்துட்டுப் போனாருன்னு பேசிகினாங்க. அதைக் கேட்டப்போ காறித் துப்பலாம்னு இருந்துச்சு, என் மேலயே.

ஞாயித்துக்கிழமையானா அக்கா வூட்டுக்குப் போவேன். போகாம இருந்தா சந்தேகம் வரும்னு போவேன், அதுவும் உண்மைதான். அக்கா சோத்தைப் போட்டுட்டு எதிர்ல உக்காந்துகினு ஆரம்பிக்கும். "எந்த லிங்க்குடா அது? காஸ் புக் பண்ணச் சொல்லி ஒண்ணு வந்துச்சே, அதுவா?" இன்னொரு வாரம், "சர்ச் குரூப்புல பண்டிகை வாழ்த்து வந்துச்சுடா, பூவெல்லாம் அசைஞ்சுகினு, அதை அமுக்கினேன். அதாத்தான் இருக்கும்." நான் குனிஞ்ச தலை நிமிராம, "விடுக்கா, முடிஞ்சு போனதை"ன்னு சொல்லுவேன். அக்கா விடாது. "படிச்சவதானே நான்? எனக்குப் புத்தி வேணாமா? எத்தினி புள்ளைங்களுக்குக் கவனம் கவனம்னு சொன்ன வாயி." இதே பேச்சு, ரெண்டு வருஷம்.

ஃபோன்ல ஒரு மெசேஜ் அனுப்பணும்னா மாமாகிட்டக் காட்டி, "சரியாத்தான் அமுக்குறேனா, பாருங்க"ன்னு கேட்டுட்டு அனுப்பும். கடைத்தெருவுல பழைய மாணவங்க எதிர்ல வந்தா வேற பக்கம் திரும்பிக்கும். எங்க வணக்கம் சொல்லிடப் போறாங்களோன்னு.

போன வருஷம் மாமல்லபுரத்துல ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. நல்ல மனுஷங்க, பழசையெல்லாம் கேக்கல. மார்க்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், அவ்ளோதான் வேலையில புதுசு. அக்கா வேணாம்னுடுச்சு. "நான் தொட்டா ஏதாச்சும் ஆயிடும்டா. ராசி கெட்ட கை இது"ன்னு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. எங்க தெருவுல மொதல்ல சாக்பீஸ் புடிச்ச கையாச்சே. சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சிட்டுச் சொல்லிட்டேன். ஆடி மாசம், பென் டிரைவு, சட்டைப் பாக்கெட்டு, எல்லாத்தையும்.

அக்கா நான் தள்ளின தட்டை எடுத்து ஓரமா வெச்சுச்சு. அப்புறம், "அப்போ நான் எதையும் அமுக்கல"ன்னுச்சு.

"இல்லக்கா."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"நீ எதையும் அமுக்கலக்கா. நான்தான்."

மொகத்தைப் பொத்திகினு அழுதுச்சு. நான் காலைத் தொடப் போனேன், காலை இழுத்துகிச்சு.

மறுநாளே அக்கா வேலை பார்த்த ஸ்கூலுக்குப் போனோம். பழைய எச்.எம். இல்ல, புதுசா ஒருத்தரு. பொறுமையா கேட்டாரு. நான் ஒண்ணு விடாம சொன்னேன், கைப்பட எழுதியும் குடுத்தேன். அவரு ஃபைலை எடுத்துப் புரட்டிட்டு, சங்கடமா அக்காவைப் பார்த்தாரு. "இதைச் சேர்த்து வெச்சிடுறேன் டீச்சர். ஆனா உங்க எடத்துக்கு அப்பவே ஆள் போட்டாச்சு. அதுவும் இல்லாம, தெரியாம லிங்க்கை அமுக்கிட்டேன்னு ராஜினாமாக் கடிதத்துல நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"ஆமாம் சார்"னு அக்கா எழுந்துடுச்சு. "என் தம்பி சொன்னான், நம்பி எழுதிட்டேன்."

வெளிய வந்து ரோட்டோரம் நின்னோம். வண்டியில ஏறச் சொன்னேன். ஏறல. பஸ்ஸுக்காக ரோட்டையே பார்த்துகினு, சத்தம் போடாம சொல்லுச்சு:

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தாலும் வேலை போயிருக்கலாம்டா. அது போவட்டும். பயந்துட்ட, அதுவும் போவட்டும். ரெண்டு வருஷம் வாரா வாரம் உன் எதிர்ல உக்காந்து என்னை நானே திட்டிகினு இருந்தேனே. என் கையால சோறு துன்னுகினு அதைக் கேட்டுகினு இருந்தியேடா."

பஸ் வந்துச்சு. அக்கா ஏறிகிச்சு.